ஸ்கேன் சுத்தமாக இருந்தால்தான் ஓட வேண்டும்

பக்கவாதம் வந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும், வலது கை தூக்க வராது, பேச்சு குழறும், சிலருக்குப் பேச்சே நின்றிருக்கும். திரையில் மூளை மட்டும் நேற்றுவரை இருந்த மாதிரியே இருக்கும். நான் ரேடியோகிராபர். டாக்டர் பார்ப்பதற்கு அரை நிமிடம் முன்னால் படத்தைப் பார்த்துவிடுகிற ஆள். ரிப்போர்ட் சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது. ஆனால் கதவைத் திறந்ததும் சொந்தக்காரர்கள் கேட்பது என்னிடம்தான்: "தம்பி, ஸ்கேன்ல என்ன வருது?"

"டாக்டர் சொல்வாங்கம்மா" என்பேன். அதற்குள் என் முகத்தைப் படித்துவிட்டு அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். "பெருசா ஒண்ணும் இல்லைல்ல? அப்பாடா." உடனே போனை எடுத்து ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம், பயப்பட வேண்டாமாம்.

இந்த "அப்பாடா"தான் எனக்குப் பிரச்சினை. அறிகுறி இருந்து ஸ்கேன் சுத்தமாக இருந்தால், குழாயை அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட இன்னும் வழி இருக்கிறது என்று பொருள். அதாவது இனிமேல்தான் ஓட வேண்டும். உட்கார்ந்து பெருமூச்சு விடுகிற நேரம் அது இல்லை.

ஏன் தெரிவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் இரண்டு வகை. ரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது ஒன்று. உறைந்த ரத்தக் கட்டி குழாயை அடைத்துக்கொள்வது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எவ்வளவு அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவரானாலும் நோயாளியை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. வைத்தியமோ ஒன்றுக்கொன்று நேர் எதிர். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்க வேண்டும். கசிவு என்றால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும்.

சி.டி. எந்திரம் அளப்பது எக்ஸ்ரே கதிரை ஒவ்வொரு இடமும் எவ்வளவு தடுக்கிறது என்பதை. அதற்கு ஓர் எண் உண்டு, ஹவுன்ஸ்பீல்டு எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. மூளையின் சாம்பல் பகுதி 35 முதல் 40, வெள்ளைப் பகுதி 25 முதல் 30. புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 50-க்கு மேல், 80 வரைகூடப் போகும். அதனால் கசிவு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், முதல் வருடம் படிக்கிற பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். அடைப்பு அப்படியில்லை. ரத்தம் நின்ற பகுதியில் மெதுவாக நீர் கோத்துக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் அது கறுக்கும். ஒரு சதவீதம் நீர் கூடினால் சுமார் இரண்டரை எண்தான் இறங்குகிறது. அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தட்டுப்படச் சில மணி நேரமாகும். நன்றாகக் கறுத்துவிட்டதென்றால் அந்த இடம் ஏற்கெனவே செத்துவிட்டது.

ஆக, பக்கவாதத்தில் முதல் ஸ்கேன் எடுப்பது அடைப்பைக் காட்ட அல்ல. கசிவு இல்லை என்று காட்ட.

ஐம்பது வயதைத் தாண்டிய கட்டட மேஸ்திரி ஒருவரை ஒரு நாள் காலையில் கொண்டுவந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் சாரத்திலிருந்து இறங்கும்போது இடது கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்திருக்கிறது. எடுக்கக் குனிந்தவருக்கு விரல் மடங்கவில்லை. அவர் ஊரிலேயே ஓர் இடத்தில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். குறிப்பிடும்படி ஏதுமில்லை என்று ரிப்போர்ட். பி.பி. மாத்திரை கொடுத்து, காலையில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். காலையில் அவருக்கு இடது கையும் இல்லை, காலும் இல்லை. அவர் மனைவி பழைய ஃபிலிமைப் பெரிய கவரோடு மார்பில் அணைத்தபடி நின்றார். நாங்கள் எடுத்த படத்தில் வலது பக்க மூளையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. இரண்டு ஃபிலிமையும் லைட் பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முந்தின நாள் படம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ரிப்போர்ட்டில் தப்பே இல்லை. "நேத்து நல்லா இருக்குன்னுதானேய்யா சொன்னாங்க?" என்று அந்தம்மா கேட்டதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. படம் சொன்னது சரி, படத்தை வைத்து எடுத்த முடிவுதான் தப்பு. கை மடங்கவில்லை என்று நோயாளியின் உடம்பு சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்புவதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

சி.டி. வருவதற்கு முன்னால் இந்தக் கசிவா அடைப்பா என்ற கேள்விக்கு உயிரோடு இருக்கும் மனிதரிடம் நேரடியாகப் பதில் வாங்க வழியே இல்லை. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்ப்பார்கள், அதுவும் பாதி ஊகம்தான். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், மூளையில் கழலை (டியூமர்) இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதல் சி.டி. எடுத்தார்கள். எந்திரத்தைச் செய்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்பீல்டு, இசைத்தட்டு வெளியிட்டுவந்த ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் எஞ்சினியர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. கூட நின்ற கதிரியக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ். ஒரு வெட்டுப் படம் எடுக்கவே சில நிமிடங்கள் பிடித்தன. எடுத்ததை டேப்பில் பதிந்து, நகரத்தின் வேறு கோடிக்குக் கொண்டுபோய்க் கணினியில் ஓட்டித்தான் படமாக்கினார்கள். 1979-இல் ஆலன் கார்மக்கோடு சேர்த்து ஹவுன்ஸ்பீல்டுக்கு நோபல் பரிசு. இன்று எங்கள் எந்திரம் ஒரு தலையை முழுசாக எடுக்கச் சில நொடிகள்தான். நோயாளியை மேசைக்கு மாற்றுவதற்குத்தான் அதைவிட அதிக நேரம் போகிறது.

கசிவு இல்லை என்று உறுதி செய்ய முடிந்த பிறகுதான் கட்டியைக் கரைக்கும் ஊசியை யோசிக்கவே முடிந்தது. 1995 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 624 நோயாளிகள். அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் அல்டிப்ளேஸ் என்ற மருந்து. கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், பத்தில் ஒரு பங்கை உடனே செலுத்திவிட்டு மீதியை ஒரு மணி நேரம் டிரிப்பில். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஊனம் இல்லாமல் அல்லது மிகக் குறைந்த ஊனத்தோடு தேறியவர்கள் மருந்து பெற்ற பக்கம் குறைந்தது 30 சதவீதம் கூடுதல். ஆனால் நிலைமையை மோசமாக்கும் மூளைக் கசிவு மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு, பெறாதவர்களில் 0.6 சதவீதம் பேருக்கு. பத்து மடங்கு. டாக்டர்கள் ஊசிக்குக் கையெழுத்து கேட்கும்போது சொந்தக்காரர்கள் தயங்குவது இந்த எண்ணால்தான். தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சென்னையில் இருக்கும் சித்தப்பா போனை எடுக்கட்டும், துபாயில் இருக்கும் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இருபது நிமிடம் போவதைத்தான் பார்க்கச் சகிக்காது. 2008-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு அந்த 3 மணி நேரத்தை நாலரை மணி நேரமாக்கியது. இன்றும் பொதுவான கணக்கு அதுதான்.

நாலரை மணி நேரம் எதிலிருந்து? நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து இல்லை. நோயாளி கடைசியாக நன்றாக இருந்தார் என்று யாராவது உறுதியாகச் சொல்லக்கூடிய நேரத்திலிருந்து. இங்கேதான் எங்கள் அறை வாசலில் சின்னச் சின்ன விசாரணைகள் நடக்கும்.

ஓர் ஆச்சியை எட்டு மணிவாக்கில் கொண்டுவந்தார்கள். எழுபது வயதுக்கு மேல். ஏழு மணிக்கு மருமகள் அறைக்குள் போய்ப் பார்த்தபோது கட்டிலில் கோணலாகக் கிடந்திருக்கிறார், பேச்சில்லை. டியூட்டி டாக்டர் கேட்டார், கடைசியாக எப்போது நல்லா இருந்தாங்க? "ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தாங்க சார்." பத்து மணி என்றால் ஊசிக்கான நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. டாக்டர் விடவில்லை. ராத்திரி பாத்ரூம் போனாங்களா? தண்ணி கேட்டாங்களா? யாருக்கும் தெரியவில்லை. அப்போது பின்னால் நின்ற பேரன், பத்தாவது படிக்கிற பையன், மெதுவாகச் சொன்னான்: "அஞ்சரைக்கு ஆச்சிதான் பால் பாக்கெட் எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சாங்க. நான் படிச்சிட்டு இருந்தேன். லைட்ட அணைச்சிட்டுப் படிடா, கரண்ட் பில்லு ஏறுதுன்னு ஏசுனாங்க." நடந்து வந்து, பால் எடுத்து, தெளிவாக ஏசியும் இருக்கிறார். கடைசியாக நன்றாக இருந்த நேரம் ஐந்தரை. டாக்டர் கையிலிருந்த தாளில் 10-ஐ அடித்துவிட்டு 5.30 என்று எழுதினார். ஸ்கேன் சுத்தம். எட்டரைக்குள் ஊசி ஏறத் தொடங்கிவிட்டது.

சரி, "சுத்தம்" என்று சொல்கிறேனே, அது முழுக்க உண்மையா என்று கேட்டால், பார்க்கத் தெரிந்தவருக்கு அதிலும் சில தடயங்கள் உண்டு. கன்சோலில் உட்கார்ந்து ஜன்னல் அகலத்தைக் குறைப்போம், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளைவரை காட்டும் ஹவுன்ஸ்பீல்டு எண்களின் வீச்சை. சாதாரணமாக மூளையை 80 எண் அகலத்தில் பார்ப்போம். அதை 40-க்கு இறக்கினால் சாம்பலும் வெள்ளையும் பிரிந்து நிற்கும். காதுக்கு மேலே உள்ளே மடிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதியின் ஓரக்கோடு ஒரு பக்கம் தெளிவாக இருந்து மறுபக்கம் அழிந்திருந்தால் அதுதான் முதல் அடையாளம். அப்புறம் நடு மூளைத் தமனி. ஒரு பக்கத் தமனி மட்டும் மற்றதைவிட வெள்ளையாக, சின்னக் கோடு மாதிரி தெரிந்தால், உள்ளே கட்டி உட்கார்ந்திருக்கிறது. வலதும் இடதும் மாறி மாறிப் பார்ப்பதுதான் வித்தை. தலை கொஞ்சம் சாய்ந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் வராது, ஒப்பிட முடியாது. அதனால்தான் நோயாளியின் தலையை நேராக்கிப் பட்டை போட்டுக் கட்டுவதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. "சீக்கிரம் எடுப்பா" என்று வெளியே சத்தம் வரும். அந்தப் பத்து நொடியை மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்தத் தடயங்களை எண்ணாக்கினார்கள் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி நகர மருத்துவர்கள். 2000-ஆம் ஆண்டு வெளியான ஆஸ்பெக்ட்ஸ் மதிப்பெண். நடு மூளைத் தமனி ரத்தம் கொடுக்கும் பகுதியைப் பத்தாகப் பிரித்து, கெட்டுப்போன ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் கழிப்பது. 10 என்றால் சேதம் இன்னும் தெரியவில்லை. 3 என்றால் பெரும்பகுதி போய்விட்டது. எளிமையான கணக்கு, எந்த ஊர் ஸ்கேனிலும் போடலாம்.

ஆனால் செத்த இடத்தை எண்ணினால் மட்டும் போதாது, பிழைக்கக்கூடிய இடம் எவ்வளவு என்பதுதான் வைத்தியத்தைத் தீர்மானிக்கிறது. மடை அடைபட்ட ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பயிர் கருகிவிடும். ஓரத்தில், பக்கத்து வயலிலிருந்து வரப்பு வழியாக ஊறும் ஈரத்தில் பயிர் வாடி நிற்கும், சாகாது. மடையைத் திறந்தால் வாடியது நிமிரும், கருகியது நிமிராது. மூளையில் 100 கிராமுக்கு நிமிடத்துக்கு சுமார் 50 மில்லி ரத்தம் ஓட வேண்டும். 20-க்குக் கீழே இறங்கினால் அந்தப் பகுதி வேலை நிறுத்தம் செய்துவிடும், கை தூக்க வராது, ஆனால் செல்கள் உயிரோடு இருக்கும். 10-க்குக் கீழே போனால் செல்கள் சீக்கிரமே செத்துவிடும். இடைப்பட்ட பகுதியைப் பெனம்பிரா என்பார்கள், 1970-களின் கடைசியில் லண்டனிலும் கோபன்ஹேகனிலும் ஆராய்ந்தவர்கள் நிறுவியது. ஊசியும், அடுத்துச் சொல்லப்போகும் குழாய் வைத்தியமும் இந்தப் பகுதிக்காகத்தான். பெரிய தமனி அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்குப் போட்டார். சராசரி என்பதைக் கவனியுங்கள். அந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊசி எல்லாக் கட்டியையும் கரைத்துவிடாது. பெரிய தமனியில் நீளமாக உட்கார்ந்த கட்டி என்றால் பெரும்பாலும் தோற்றுவிடும். அப்போது தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் நுழைத்து மூளைவரை கொண்டுபோய்க் கட்டியை இழுத்து எடுக்க வேண்டும். இதில் நடந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் எங்கள் துறைதான் நாயகன். 2013-இல் ஒரே மருத்துவ இதழில் மூன்று ஆய்வுகள் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. மூன்றும் சொன்னது, குழாய் வைத்தியத்தால் கூடுதல் பயன் இல்லை. கிட்டத்தட்ட மூடுவிழாதான். இரண்டு வருடம் கழித்து, 2015-இல், நெதர்லாந்தின் 16 மருத்துவமனைகளில் 500 பேரை வைத்து நடந்த எம்.ஆர். கிளீன் ஆய்வு தலைகீழாகச் சொன்னது. பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு வந்தவர்கள் வழக்கமான வைத்தியத்தில் 19.1 சதவீதம், குழாய் வைத்தியமும் சேர்ந்தால் 32.6 சதவீதம். அதே வருடம் இன்னும் நான்கு ஆய்வுகள் அதையே உறுதி செய்தன.

இரண்டு வருடத்தில் என்ன மாறியது? கருவி மாறியது உண்மை. பழைய திருகாணிக் கம்பிகளுக்குப் பதில், விரிந்து கட்டியைக் கவ்விக்கொள்ளும் வலைக்குழாய்கள் வந்திருந்தன. ஆனால் அதே அளவுக்கு முக்கியமானது இன்னொன்று. முந்தைய மூன்று ஆய்வுகளில் மிகப் பெரிய ஆய்வில், பெரிய தமனி உண்மையிலேயே அடைபட்டிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடுக்கக் கட்டியே இல்லாதவர்களும் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். 2015 ஆய்வுகளில் கான்ட்ராஸ்ட் என்ற சாய மருந்தைச் செலுத்தி, ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோ படம் எடுத்து, கட்டி இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகே ஆளைச் சேர்த்தார்கள். ஆளைச் சரியாகப் பொறுக்காமல் வைத்தியத்தைக் குறை சொல்லியிருந்தோம்.

அதற்கப்புறம் கடிகாரமே கொஞ்சம் தளர்ந்தது. 2018-இல் டான் என்ற ஆய்வு, கடைசியாக நன்றாக இருந்து 6 முதல் 24 மணி நேரம் ஆனவர்களை எடுத்துக்கொண்டது. எல்லாரையும் இல்லை. அறிகுறி பெரிதாகவும் படத்தில் செத்த பகுதி சின்னதாகவும் இருப்பவர்களை மட்டும். 206 பேர். தானே வாழும் நிலைக்கு வந்தவர்கள் குழாய் வைத்தியத்தில் 49 சதவீதம், அது இல்லாமல் 13 சதவீதம். அதே வருடம் ஜெர்மனியில் ஹாம்பர்க் மருத்துவர்கள் தலைமையில் இன்னொரு ஆய்வு, தூங்கி எழும்போது பக்கவாதத்தோடு எழுந்தவர்களுக்கு. பால் பாக்கெட் சாட்சி இல்லாத ஆச்சிகளுக்கு என்று சொல்லலாம். எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்ற வகைப் படம், ரத்தம் நின்ற சில நிமிடங்களிலேயே அந்த இடத்தை வெள்ளையாகக் காட்டிவிடும். செல்லுக்குள் நீர் புகுந்து அசையாமல் மாட்டிக்கொள்வதை அது பிடிக்கிறது. கலிபோர்னியாவில் மைக்கேல் மோஸ்லி குழு 1990-இல் பூனைகளின் மூளையில் காட்டியது இதைத்தான். ஃப்ளேர் என்ற இன்னொரு வகைப் படத்தில் அதே இடம் தெரிய மணிக்கணக்காகும். முதல் படத்தில் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால், ஆரம்பித்து அநேகமாக நாலரை மணி நேரம் ஆகவில்லை. படமே கடிகாரமாகிவிடுகிறது. அப்படிப் பொறுக்கியவர்களுக்கு ஊசி போட்டதில் நன்றாகத் தேறியவர்கள் 53.3 சதவீதம், போடாதவர்களில் 41.8.

இதெல்லாம் செய்தித்தாளில் வந்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? "இப்பல்லாம் 24 மணி நேரம் டைம் இருக்காமே" என்று வந்து சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல் வரும். சராசரி என்று சொன்னேனே, அது இங்கேதான். ஒருவருக்குப் பக்கத்துத் தமனிகளிலிருந்து நல்ல மாற்றுவழி இருக்கும், பத்து மணி நேரம் கழித்து வந்தாலும் படத்தில் சேதம் சின்னதாக இருக்கும். இன்னொருவருக்கு ஒன்றரை மணி நேரத்திலேயே பாதி மூளை போயிருக்கும். நம்முடையவர் எந்த ரகம் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. டான் ஆய்வில் நல்ல பலன் வந்தது தாமதமாக வந்ததால் இல்லை, தாமதமாகியும் தாக்குப்பிடித்தவர்களை மட்டும் படம் பார்த்துப் பொறுக்கியதால்.

இவ்வளவு நல்ல எம்.ஆர்.ஐ.யை முதலிலேயே ஏன் எடுப்பதில்லை என்று கேட்பார்கள். நேரம்தான். உடம்பில் காந்தத்துக்கு ஆகாத உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், தாலிச்சரடு, வளையல், அரைஞாண் எல்லாம் கழற்ற வேண்டும், நோயாளி அசையாமல் கிடக்க வேண்டும். ஒன்றில் மட்டும் சி.டி. ரொம்பவே பலவீனம்: மூளைத்தண்டு. காதை ஒட்டிய கெட்டி எலும்புகள் நடுவில் கோடுகோடாக நிழல் போட்டு அந்த இடத்தையே மறைத்துவிடும். தலைசுற்றல், வாந்தி, தள்ளாட்டம் என்று வருபவரை பித்தம், கேஸ் என்று அனுப்பிவிடுவதும் அங்கேதான் நடக்கிறது. அப்படிப்பட்டவருக்குச் சுத்தமான சி.டி. எந்த ஆறுதலும் இல்லை.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனை பற்றிப் படித்ததிலிருந்து நான் எங்கள் அறையை வேறு மாதிரி பார்க்கிறேன். நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி ஏறும்வரை அங்கே 1998-இல் 105 நிமிடம் ஆனது. 2011-இல் 20 நிமிடம். புது எந்திரத்தால் இல்லை. ஆம்புலன்ஸிலிருந்தே போன் வரும், வழியிலேயே நோயாளியின் பழைய விவரங்களை எடுத்துவைப்பார்கள், அவசரப் பிரிவுக் கட்டிலுக்கு மாற்றாமல் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரோடு நேராக சி.டி. அறைக்கு. மருந்து சி.டி. மேசையிலேயே ஏறும். அட்டே மெரெடோயா என்ற மருத்துவரும் சகாக்களும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைத்து வெளியிட்டிருக்கிறார்கள்.

நம் அளவில் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. ஸ்ட்ரோக் என்று சொல்லி வருகிறவருக்கு நர்ஸ் முதலில் விரலில் குத்தி சுகர் பார்ப்பார், சுகர் இறங்கினாலும் கை கால் இழுத்துக்கொள்ளும், ஒரு பாட்டில் குளுக்கோஸில் சரியாகிவிடும். முழங்கை மடிப்பில் மருந்து ஏற்றும் குழாயான வென்ஃப்ளான், பச்சை நிறம், 18 கேஜ், அல்லது குறைந்தது பிங்க். அதைவிட மெல்லிய நீலம் போட்டு அனுப்பினால் கான்ட்ராஸ்ட் வேகமாகத் தள்ள முடியாது, ஆஞ்சியோ மங்கிவிடும், மறுபடி குத்த வேண்டும். கிட்னி பிரச்சினை இருந்ததாகத் தெரியாவிட்டால் கிட்னியைச் சோதிக்கும் கிரியேட்டினின் ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை. அப்புறம் மூக்குத்தி. பழைய திருகு மூக்குத்தியைக் கழற்றச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் போராடுவார்கள். நான் விடச் சொல்லிவிடுவேன். கோடு விழட்டும், அது மூக்கு மட்டத்தில்தான் விழும், எனக்கு வேண்டியது அதற்கு மேலே.

வீட்டிலிருந்து வரும்போதே சிலது நடந்துவிடுகிறது. எங்கள் பக்கம் இன்னும் புறா ரத்தம் தடவிக் கொண்டுவருகிறார்கள். தோலில் தடவுவதால் மூளைக்கு ஒன்றும் ஆகாது, போன நேரம்தான் போனது. அதைவிட எனக்குப் பயம் படித்தவர்கள் செய்வது. இதயத்துக்கென்று வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினைக் கரைத்து வாயில் ஊற்றிவிடுவார்கள். மாரடைப்புக்குச் சரி. இங்கே உள்ளே கசிவா அடைப்பா என்று இன்னும் யாருக்கும் தெரியாது, போதாக்குறைக்கு விழுங்கவும் வராது, புரையேறி நுரையீரலுக்குப் போகும்.

ஆஸ்பெக்ட்ஸ் மதிப்பெண்ணைச் சொன்னேன். சில வருடம் முன்புவரை 6-க்குக் கீழே என்றால் குழாய் வைத்தியத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், சேதம் அதிகம் என்று விட்டுவிடுவார்கள். 2022-இல் ஜப்பானில் 3 முதல் 5 மதிப்பெண் உள்ள 203 பேரை வைத்துச் செய்து பார்த்தார்கள். குறைந்தபட்சம் தானாக நடக்கும் நிலைக்கு வந்தவர்கள் குழாய் வைத்தியத்தில் 31 சதவீதம், இல்லாமல் 12.7 சதவீதம். மூளைக்குள் ரத்தக் கசிவு கூடத்தான் செய்தது, ஆனாலும் மொத்தத்தில் லாபம். அடுத்த வருடம் சீனாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இதே மாதிரி முடிவுகள். முன்பெல்லாம் கான்ட்ராஸ்ட் இல்லாத பிளெயின் படத்தில் பெரிய கறுப்பைப் பார்த்தால் மேசையை இறக்கிவிடுவேன். இப்போது இறக்குவதில்லை. டாக்டர் தலையாட்டியதும் அப்படியே கான்ட்ராஸ்ட் ஏற்றி, நெஞ்சிலிருந்து உச்சந்தலைவரை ஆஞ்சியோவும் எடுத்துவிடுகிறேன்.

எங்களிடம் குழாய் வைத்தியம் செய்யும் அறையான கேத் லேப் இல்லை. பெரிய தமனி அடைப்பு என்றால் ஊசியைப் போட்டு நகரத்துக்கு அனுப்ப வேண்டும். இப்போது டெனெக்டிப்ளேஸ் என்ற மருந்து வந்திருப்பது இதற்கு ரொம்ப வசதி. ஒரு மணி நேர டிரிப் இல்லை, ஒரே தள்ளு, ஆம்புலன்ஸ் கிளம்பிவிடலாம். படங்கள் அதற்கு முன்பே அங்குள்ள டாக்டரின் போனுக்குப் போய்விடும், அவர் பார்த்துவிட்டுக் கேத் லேப்பைத் தயார் செய்யச் சொல்லிவிடுவார். இவ்வளவும் நடந்த பிறகு, ஃபிலிம் பிரிண்ட் ஆகி வரட்டும் என்று குடும்பமே கவுண்டர் முன்னால் நிற்கும். வேண்டாம், கிளம்புங்கள். ஃபிலிமையும் பில்லையும் மச்சான் யாராவது பின்னால் பைக்கில் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.